ஆமென் சொல்லாத ஜெபம்

என் அம்மா ஜெபம் பண்ண எழுந்தால் கோயிலில் பெண்கள் பக்கம் ஒரு சின்னச் சலசலப்பு ஓடும். முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாக உட்கார்ந்துகொள்வார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் வாசல் பக்கம் நகர்வார்கள். "அடுப்புல எதையாவது வச்சிட்டு வந்திருந்தா இப்பவே போயிடுங்க" என்று கிசுகிசுத்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் ஒரு வாக்கியத்தைக்கூடக் குறைக்கமாட்டாள்.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் கொடுக்கிற விவரம்தான் தாங்காது. அம்மா ஐந்தாம் வகுப்பு டீச்சர். தாம்பரத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஹெட்மாஸ்டரிடம் விளக்குவதுபோலத்தான் ஆண்டவரிடமும் பேசுவாள். "ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன்ல இறங்கி, ரேஷன் கடைக்குப் பின்னால மூணாவது வீட்டுல, மஞ்சக்காமாலையில படுத்திருக்கிற அந்த சகோதரியை நினைத்தருளும் ஆண்டவரே" என்பாள். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா கேலி செய்வார்.

"ஆண்டவருக்கு பஸ் ஸ்டாப்பெல்லாம் சொல்லணுமா?"

"சொன்னா என்ன குறைஞ்சுபோகுது உங்களுக்கு?"

அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. சபைக் கமிட்டியின் செகரட்டரியும் அவர்தான். சபையில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அதை ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்று நினைக்கிற மனிதர். பிரச்சினை தீர்ந்ததோ இல்லையோ, எங்கள் வீட்டு அலமாரியில் மனுக்களின் நகல்கள் ஆண்டுவாரியாக அடுக்கி இருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதுவது மகளான என் வேலை. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, கையெழுத்து அழகு என்ற கர்வம் நிறைய.

எண்பதுகளின் கடைசியில், பொங்கலை ஒட்டி ஒரு சட்டமன்றத் தேர்தல் வந்தது. எங்கள் சபைக்கு அரசியல் கிடையாது என்று போதகர் வருஷம் முழுக்கச் சொல்வார். தேர்தல் அறிவித்ததும் எல்லாக் கட்சிக்காரர்களையும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்துக்கு வரச் சொல்வோம். யார் வந்தாலும் ஒரே மாதிரி சால்வை, ஒரே மாதிரி ஜெபம், ஒரே மாதிரி மனு. பஸ் நிறுத்தம், தெரு விளக்கு, வேகத்தடை என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒன்று கேட்டோம். ஒன்றும் வந்ததில்லை. அதற்காக நாங்கள் மனு எழுதுவதை நிறுத்தினதும் இல்லை. சுவர் விளம்பரக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரைக்கூட விடாமல் வெள்ளையடித்துப் பிடித்துவைத்திருந்தார்கள். "உள்ள இருக்கறவங்க யாருக்கும் ஓட்டு இல்லப்பா" என்று அப்பா அவர்களோடு சண்டைக்குப் போனார். சின்னம் வரைகிற பையன்கள் சிரித்துக்கொண்டே வரைந்துவிட்டுப் போனார்கள்.

அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கோயிலுக்கு அடுத்த மனை அது. சுற்றுச்சுவர், இரும்பு கேட், பூட்டு. அந்தப் பூட்டின் சாவி எங்கள் வீட்டு முன்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். சபையில் எங்களைப் போலத் தெற்கேயிருந்து வேலைக்கு வந்து குடியேறினவர்கள் பாதி. மீதிப் பாதி காலனிக்காரர்கள், இந்த ஊரிலேயே பிறந்தவர்கள். சொல்லப்போனால் சபையே அவர்களால்தான் தொடங்கியது. நாங்கள் பின்னால் வந்து, முன் பெஞ்சுகளில் உட்கார்ந்துகொண்டோம். எங்களில் யாராவது இறந்தால் இந்தத் தோட்டத்தில் அடக்கம். காலனியில் யாராவது இறந்தால் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, ஏரிக்கரை ஓரத்து இடுகாட்டில். அப்படி ஒரு சட்டம் எந்த நோட்டிலும் எழுதப்படவில்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் மறுத்ததும் இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். எவ்வளவு வசதியான பதில் என்று இப்போது நினைத்தால் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

எங்கள் கோயில்குட்டி காலனிக்காரர். கோயில்குட்டி என்றால் கோயிலைக் கூட்டி, மணி அடித்து, விளக்குப் போட்டு, சாவுக்குக் குழி தோண்டுகிறவர். அறுபது வயது இருக்கும், ஒல்லி, எப்போதும் காக்கி அரைக்கால் சட்டை. குழி தோண்டும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சாவி வாங்கிப் போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து ஆணியில் மாட்டுவார். அம்மா காபி கொடுப்பாள். அவருக்கென்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் கிடையாது. அதை நாங்கள் பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்குக் குழி தோண்டினது இவர்தான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷமாக, யாரும் சொல்லாமலே, அந்தச் சின்னக் கல்லறையைச் சுற்றிப் புல் முளைக்கவிடாமல் பார்த்துக்கொண்டார். நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை, கல்லறைத் திருநாளன்று, பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போவோம். அவர் வாரத்துக்கு ஒருமுறை போவார். அம்மா அவரை அண்ணா என்று கூப்பிடும்போது அது வாய்வார்த்தையாக இருக்காது. அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மூன்று பேர் உண்டு, அவர்களை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவில்லை. ஏரி நிரம்பி, இடுகாட்டுக்குப் போகிற பாதை மூழ்கிவிட்டது. காலனியில் ஒரு கொத்தனார் இறந்துபோனார். இரண்டு நாள் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கிப் பெட்டி நழுவி, தண்ணீரில் மிதந்து கொஞ்ச தூரம் போனது. நீந்திப் போய்ப் பிடித்து வந்தார்கள். கூடப் போயிருந்த கோயில்குட்டி கரையில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். அவருக்கு அப்போதே நெஞ்சு கெட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒருநாள், தம்பி கல்லறையில் புல் பிடுங்கிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், காபி வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது."

"கேளுங்கண்ணா."

"என்னிய ஏரிக்கரைக்குத் தூக்கினு போவ வாணாம்மா. நீங்க சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நம்ம தம்பி பக்கத்துல, செவுத்தோரமா, ஒரு ஆள் படுக்கற எடம் கீது. நானே அளந்து பாத்துட்டேன்."

அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "மருந்தை ஒழுங்கா சாப்பிடுங்க, இப்ப எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுத சத்தம் எனக்குக் கேட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னாள். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்கென்ன ஆட்சேபனை? நல்ல மனுஷன். கமிட்டியில வைக்கிறேன்" என்றார். அவர் மனதில் விகல்பம் கிடையாது. ஆனால் கமிட்டி என்று ஒன்று இருந்ததே, அங்கேதான் ஆரம்பித்தது. ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பார்கள் என்றார் ஒருவர். இடம் போதாது என்றார் இன்னொருவர். குடும்பக் கல்லறைகளுக்கு முன்பணம் கட்டினவர்கள் என்ன சொல்வார்கள் என்று மூன்றாமவர் கேட்டார். சாதி என்ற வார்த்தையை ஒருவர்கூட வாயில் எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்களாம். கடைசியில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர், அப்பாவின் உயிர் நண்பர், ஒரு யோசனை சொன்னார். தேர்தல் வருகிறது. ஏரிக்கரை இடுகாட்டுக்கு மேடான தார் ரோடும் ஒரு சிறுபாலமும் கேட்போம். காலனிக்கும் நல்லது, நமக்கும் சண்டையில்லை.

எல்லாருக்கும் பரம திருப்தி. அப்பா வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு வந்தார். "இது ஒருத்தருக்கு மட்டுமில்ல, மொத்தக் காலனிக்கும் கிடைக்கிற நியாயம்" என்றார். உண்மையாகவே நம்பினார். "சமூக நீதியின் அடிப்படையில்" என்று மனுவைத் தொடங்கச் சொன்னார். நானும் நல்ல மை பேனாவில், ஓரம் விட்டு, முத்து முத்தாக எழுதினேன். எழுதி முடித்ததும் தாளைத் தூரத்தில் பிடித்து அழகு பார்த்தேன். என்ன எழுதினேன் என்று பார்க்கவில்லை.

அம்மா அதை வாங்கி முழுக்கப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். அம்மா இரண்டு வார்த்தையோடு நிறுத்தினால் எதுவோ சரியில்லை என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு நாங்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை.

புது வருஷத்தின் முதல் ஞாயிறன்று வேட்பாளர் வந்தார். கட்சி எது என்பது வேண்டாம். உள்ளூர்க்காரர், பருத்த உடம்பு, வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், கபடமில்லாத சிரிப்பு. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தார். எங்கள் முன் பெஞ்சுக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்தது. வெளியே மைக் கட்டின ஜீப் நின்றது. அவர் அடுத்து மேடவாக்கம் போகவேண்டும், அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று அவருடைய ஆட்கள் அப்பாவின் காதில் இரண்டு தடவை சொன்னார்கள்.

சால்வை போட்டாயிற்று. அப்பா மனுவை உரக்க வாசித்தார். வேட்பாளர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ரோடுதானே சார், இன்னா பெரிய விசயம், போட்டுடலாம்" என்றார். கைதட்டல். காலனிக்காரர்கள் வழக்கம்போலப் பின்னால் பாய்களில் இருந்தார்கள், அவர்களும் தட்டினார்கள். ரோடு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கோயில்குட்டியின் மனைவி மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்து வர முடியாமல் கோயிலுக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறையில் படுத்திருந்தார்.

முடிவு ஜெபத்தைப் பெண்கள் சங்கத் தலைவி செய்வாள் என்று கமிட்டி தீர்மானித்திருந்தது. பெண்கள் ஓட்டு முக்கியம் என்பது வேட்பாளருக்கும் தெரியும். தலைவி என் அம்மா. காலையிலேயே அப்பா அவளிடம் கெஞ்சியிருந்தார். "இன்னிக்கு மட்டும் ரெண்டு நிமிஷம். தயவுசெஞ்சு." அம்மா சரி என்று சொல்லியிருந்தாள்.

எல்லாரும் கண்ணை மூடினோம். சின்ன வயதிலிருந்தே ஒரு கண்ணைத் திறந்துவைத்து ஜெபிப்பது என் கெட்ட பழக்கம், அதனால் எல்லாம் பார்த்தேன்.

"அன்பின் பரலோகத் தகப்பனே" என்று அம்மா ஆரம்பித்தாள். மழை நின்றதற்கு நன்றி சொன்னாள். வந்திருக்கிற சகோதரருக்காகவும், சர்க்கரை நோயால் கஷ்டப்படுகிற அவர் மனைவிக்காகவும் வேண்டிக்கொண்டாள். இதை எங்கே விசாரித்து வைத்திருந்தாளோ, வேட்பாளர் மூடிய கண்ணோடு நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். அப்புறம் ரோட்டுக்கு வந்தாள்.

"ஆண்டவரே, இந்தச் சகோதரர் போடப்போகிற ரோடு காலனியில் ஆரம்பிக்கிறது. டீக்கடையைத் தாண்டி, எங்கள் கோயில் வாசலுக்கு வருகிறது. அதற்கு அடுத்தது எங்கள் கல்லறைத் தோட்டத்து கேட். ரோடு அங்கே நிற்கவில்லை ஆண்டவரே. அந்த கேட்டைத் தாண்டிப் போகிறது. இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் போகிறது. அந்த ரோட்டில் முதலில் போகப்போகிறவர் இந்தச் சுவருக்குப் பின்னால் படுத்திருக்கிறார். எங்கள் எல்லார் வீட்டுக்கும் குழி தோண்டினவர். என் பிள்ளையை இறக்கி வைத்தவர். அவரைத் தூக்கிக்கொண்டு என் பிள்ளை இருக்கிற கேட்டைத் தாண்டிப் போகும்போது, நான் எந்த முகத்தோடு கூட நடப்பேன்?"

யாரோ இருமினார்கள். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

"அந்த கேட் பூட்டியிருக்கிறது ஆண்டவரே. அதைத் திறக்க இந்தச் சகோதரர் ஜெயிக்க வேண்டியதில்லை. சட்டசபை கூட வேண்டியதில்லை. சாவி என் வீட்டில், முன்கதவுக்குப் பின்னால், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. எங்களால் கொடுக்க முடிந்ததைக் கொடுக்காமல், இன்னொருவரிடம் கேட்டு மனு எழுதினோம். எங்களை மன்னியும்."

இங்கே அவள் ஆமென் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

ஆமென் சொல்லாமல் யாரும் கண் திறப்பதில்லை, அதுதான் எங்கள் வழக்கம். நூற்றுக்கணக்கான பேர் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்தது என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். யார் ஆமென் சொன்னாலும் அம்மா சொன்னதற்கெல்லாம் அவர் சம்மதித்ததாகிவிடும். சொல்லாவிட்டால் மத்தியானம் வரை நிற்கவேண்டியதுதான். போதகர் தொண்டையைக் கனைத்தார், வாய் திறக்கவில்லை. வெளியே ஜீப்காரன் ஹாரன் அடித்தான்.

எங்கள் வழக்கம் தெரியாத ஒரே ஆள் வேட்பாளர்தான். ஜெபம் முடிந்தது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நின்ற அப்பாவிடம் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அந்த அமைதியில் கடைசிப் பாய்வரை கேட்டது.

"இன்னா சார், சாவி உங்க வூட்லயே கீதா? அப்பால இன்னாத்துக்கு என்னாண்ட ரோடு கேக்கறீங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் அது அப்படி உறைத்தது.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "ஆமென்" என்றது. கோயில்குட்டியின் மனைவி. அவளைத் தொடர்ந்து காலனிக்காரர்கள், பிறகு நடு பெஞ்சுகள், பிறகு முன்னால் சிலர். எல்லாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். அப்பாவைப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பூகம்பம். அப்பா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"சபைக்கு நடுவுல வச்சு என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் ஆண்டவர்கிட்டதான் பேசினேன்."

"சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் மறந்துபோச்சு."

இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு," "உங்க அம்மாகிட்ட உப்பு கம்மின்னு சொல்லு" என்று நான் நடுவில் தபால்காரியாக அலைந்தேன். எனக்குச் சிரிப்பாகவும் வந்தது, பயமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் சாயந்திரம் ஆபீஸிலிருந்து வந்த அப்பா, சட்டையைக்கூட மாற்றாமல் கோயில்குட்டியைப் பார்க்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அம்மா நீட்டின காபியை நேராக அவள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு, "அந்த மனுஷன் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கறாரு. தன்னால எனக்குச் சங்கடமாம்" என்றார். குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அவசரக் கூட்டம் கூட்டினார்கள். அப்பா இந்தத் தடவை எதையும் எழுதிக்கொண்டு போகவில்லை. எப்படிச் சண்டை போட்டாரோ, ஒரு தீர்மானத்தோடு திரும்பி வந்தார். நீண்டகால ஊழியத்தைக் கருதி, விசேஷச் சலுகையாக, இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு, ஒரு நபருக்கு மட்டும் அனுமதி. இரண்டு குடும்பங்கள் வேறு கோயிலுக்குப் போய்விட்டன. அதில் ஒன்று இன்ஜினியர் குடும்பம். அப்பா அதைப் பற்றி எதுவும் பேசமாட்டார். ஆனால் சாயந்திரங்களில், முன்பு அவரும் இன்ஜினியரும் சேர்ந்து நடந்த நேரத்தில், தனியாகத் தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

வாக்குப்பதிவன்று கோயில்குட்டியை இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து ஒரு வாரத்தில் இறந்துபோனார். பெட்டியில் வைத்தபோது இடது கை விரலில் மை அப்படியே இருந்தது.

அவர் அளந்து வைத்திருந்த இடத்தில் காலனிப் பையன்கள் குழி தோண்டினார்கள். அப்பாவும் மண்வெட்டியை வாங்கிக் கொஞ்ச நேரம் வெட்டினார். பேனா பிடித்த கை, பத்து நிமிஷத்தில் கொப்புளம் வந்துவிட்டது, இருந்தும் கேட்டவர்களிடம் கொடுக்க மறுத்தார். வேட்பாளர் தோற்றுப்போயிருந்தார். தோற்ற பிறகும் ஒரு மாலையோடு வந்து கடைசியில் நின்றார். எங்கள் கோயிலுக்கு வந்துபோன வேட்பாளர்களில் அவர் ஒருவரைத்தான் இன்றைக்கும் நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

மண் தள்ளி முடித்துப் போதகர் ஆசீர்வாதம் சொன்னார். கூட்டம் கலையத் தொடங்கியது. கோயில்குட்டியின் மனைவி அழுது முடித்து, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தாள்.

"சார், அப்ப எனக்கு?"

அப்பாவுக்குப் புரியவில்லை.

"அவரு மணி அடிச்சாரு, குழி தோண்டுனாரு. அதுக்கோசரம் எடம் குடுத்தீங்க. நான் ஒண்ணும் பண்லியே சார். பத்து வூட்ல பாத்திரம் தேச்சேன், அவ்ளோதான். நான் செத்தா என்னிய எங்க தூக்கினு போவாங்க?"

கிளம்பினவர்கள் நின்றுவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேர் அங்கேயே இருந்தார்கள். அப்பா அவர்கள் பக்கம் பார்த்தார். ஒருவரும் இவரைப் பார்க்கவில்லை. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கதாம்மா," என்றார் அப்பா. "அவர் பக்கத்துலதான்."

"வாயால சொல்லாதீங்க சார். எலெக்சன் முடிஞ்சிட்ச்சு. எழுதிக் குடுங்க."

அப்பா சட்டைப் பையிலிருந்த டைரியில் ஒரு தாளைக் கிழித்தார். மண் படிந்த கையோடு, என் தோளை மேஜையாக வைத்துக்கொண்டு எழுதினார். கை வலியில் பேனா அழுத்தி அழுத்தி நகர்ந்தது. எழுதினதை வாசித்துக் காட்டினார், அவளுக்குப் படிக்கத் தெரியாது. இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற எவருக்கும் இந்தத் தோட்டத்தில் இடம் உண்டு, யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை. கீழே கையெழுத்து, செகரட்டரி. கமிட்டியைக் கேட்காமல் அப்படி எழுத அவருக்கு அதிகாரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த சபைத் தேர்தலில் அப்பா படுதோல்வி. சட்டமன்றத் தேர்தலாவது பரவாயில்லை, சபைத் தேர்தலில் நடக்கிற உள்குத்து உலகத்தில் எங்கேயும் கிடையாது. புது செகரட்டரி வந்து சாவியை வாங்கிப் போனார். அப்பா அதற்கப்புறம் எந்தப் பதவிக்கும் நிற்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வருஷப் பொதுக்கூட்டத்திலும் எழுந்து, கோயில்குட்டியின் மனைவி கேட்ட அதே கேள்வியைக் கேட்பார், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் சத்தமா" என்பாள். காலனிப் பையன்கள் அடுத்தடுத்துத் தேர்தலில் நின்றார்கள். முதலில் ஒருவர் ஜெயித்தார், அப்புறம் மூன்று பேர். எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. ஒரு சாவு, இன்னொரு சாவு என்று காலனிக்காரர்கள் தோட்டத்துக்குள் வர ஆரம்பித்தார்கள், ஒவ்வொன்றுக்கும் முணுமுணுப்பு இருந்தது, பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா போனார். அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கோயில்குட்டியின் மனைவி. கேட் விரியத் திறந்திருந்தது. அவள் மகள், பொத்தேரிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை பார்க்கிறவள், பெட்டிக்கு முன்னால் ஒரு பாலிதீன் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பெட்டி உள்ளே போனது, கோயில்குட்டியின் பக்கத்தில் இறங்கியது.

எல்லாம் முடிந்த பிறகு நான்தான் அதைக் காட்டச் சொன்னேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செல்லோடேப் ஒட்டி, ஓரத்தில் மண் ரேகையோடு அந்தத் தாள். அப்பாவின் சாய்ந்த எழுத்து. படிக்கப் படிக்க எனக்கு அடக்க முடியவில்லை. திருப்பி நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீயே வச்சிக்கக்கா," என்றாள். "எங்களுக்கு இனிமே இது இன்னாத்துக்கு?"